வயதானவர் வீட்டில் விழுந்துவிட்டால் தனி ஆளாக எப்படி எழுப்புவது?

வெள்ளவத்தை மகள்:

அம்மாவுக்கு 78 வயது, எடை 70 கிலோ அளவில் இருக்கும். நான் 50 கிலோ. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் நாலாம் மாடி. பகலில் உதவிக்கு வரும் அக்காவும் அம்மாவும்தான் வீட்டில், இரவில் நானும் அம்மாவும். அண்மையில் அம்மா கட்டில் விளிம்பிலிருந்து சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டா. அடி எதுவும் இல்லை. ஆனால் எங்களால் எழுப்ப முடியாமல் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அடுத்த முறை யாரும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் யோசனை.

எழுப்பலாமா, கூடாதா என்று எதை வைத்து முடிவெடுப்பது? ஒரு ஆளாக எழுப்ப முறையான வழி இருக்கிறதா? எந்த நிலையில் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும்? மருந்துகள்: பிரஷருக்கு லோசார்ட்டன், சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின், கிளிக்கிளசைட், இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் குளொப்பிடோகிரெல். வலது முழங்காலில் தேய்மானம்.

விபத்துப் பிரிவுத் தாதி:

எழுப்பலாமா என்பதிலிருந்தே தொடங்குகிறேன். விழுந்தவரைக் கண்டதும் ஓடிப்போய்த் தூக்கத்தான் எவருக்கும் கை போகும். இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் கிடப்பவர் அதற்குக் கீழே விழப்போவதில்லை. ஆனால் இடுப்பு முறிந்தவரை அவசரப்பட்டு எழுப்பி நிறுத்தினால், விலகாமல் இருந்த முறிவும் விலகிவிடும். விலகாத முறிவை ஆணி வைத்துப் பொருத்தலாம். விலகினால் பெரும்பாலும் மூட்டையே மாற்ற வேண்டி வரும்.

அம்மா தலையைத் திருப்பாமலே உங்கள் முகம் தெரிகிற பக்கமாக நிலத்தில் இருங்கள். "அம்மா, அப்படியே இருங்கோ, எங்கே நோகுது?" என்று கேளுங்கள். பதிலே இல்லையென்றால் மூச்சைப் பாருங்கள். மூச்சு சீராக இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990. மூச்சு இல்லை, அல்லது திணறித் திணறி வருகிறது என்றால் 1990க்கு அடித்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு.

பதில் சொல்கிறா என்றால் கழுத்திலிருந்து தொடங்குங்கள். கழுத்து நோகுதா, கை விரல்களில் விறைப்போ எறும்பு ஊர்கிற மாதிரியோ இருக்குதா? 65 வயதுக்கு மேல் நின்ற நிலையில் விழுந்தாலே கழுத்தெலும்பு முறியலாம், பெரிய விபத்து வேண்டியதில்லை. ஆம் என்றால் தலையை அசைக்க விடாமல் 1990. பிறகு தலை: அடிபட்டதா, விழுந்த விதம் முழுவதும் ஞாபகம் இருக்குதா? பிறகு முகம், கை, பேச்சு: சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தானாகக் கீழே இறங்கினாலோ, நாக்குக் குழறினாலோ விழுந்ததே பக்கவாதத்தால் இருக்கலாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா இல்லையா என்று அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். நெஞ்சுநோ, மூச்சு முட்டல், விழுவதற்கு முன் கண் இருட்டியது, இவையும் கட்டாயம் வைத்தியசாலைக்கு.

கடைசியாக இடுப்பும் கால்களும். இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் இடுப்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படித் தெரியாவிட்டாலும் முடிந்துவிடவில்லை. கால்விரலை ஆட்டச் சொல்லுங்கள், முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள், பிறகு குதிக்காலை நிலத்திலிருந்து தானாகவே சற்று உயர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கிப் பார்க்கக் கூடாது. கவட்டில் குத்தி நொந்து உயர்த்த முடியாவிட்டால் நிற்க வைக்க வேண்டாம். உள்ளே இறுகிப்போன முறிவோடு நொண்டி நொண்டி நடந்து, இரண்டு நாள் கழித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். "நடக்கிறா, அப்ப முறியவில்லை" என்ற கணக்கு சரிவராது.

முறிவு சந்தேகமென்றால் குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்காதீர்கள், ஒபரேஷனுக்குத் தடையாகும். எண்ணெய் பூசி உருவுவது, சித்தாலேப தேய்ப்பது, உளுக்கு எடுக்க ஆள் கூப்பிடுவது எதுவும் எக்ஸ்ரேக்கு முன் வேண்டவே வேண்டாம். வண்டி வரும்வரை ஃபேனை நிறுத்தி, பெட்சீட்டால் மூடி, ஈர உடுப்பானால் அகற்றிவிடுங்கள். கொழும்பு வெக்கையிலும் டைல்ஸ் தரை வயதான உடம்பின் சூட்டை இழுத்துவிடும். குதிக்கால்களுக்குக் கீழே மெல்லிய துவாய் மடித்து வையுங்கள். தோல் அழுந்திப் புண்ணாவது அங்கேதான் முதலில்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நிலத்தில் கிடந்தவர் என்றால், முறிவே இல்லாமல் எழுந்து இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அழுந்திக் கிடந்த தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். சிறுநீர் கடும் தேயிலைச் சாய நிறத்தில் போவது அதன் அறிகுறி. இரத்தப் பரிசோதனையில் தெரியும், நேரத்தோடு சேலைன் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

தெஹிவளை பிசியோ:

தாதி சொன்ன சோதனை எல்லாம் சரியாக வந்தால் மட்டும் இதற்கு வாங்கோ.

முதல் விதி: நீங்கள் தூக்கப் போவதில்லை, அம்மா எழும்பப் போகிறா. 50 கிலோ ஆள் 70 கிலோவை நிலத்திலிருந்து தூக்கினால் முதலில் போவது உங்கள் முள்ளந்தண்டு. பாதித் தூக்கலில் கை வழுகினால் அம்மா இரண்டாம் தரம் விழுவா, அது முதல் விழுகையைவிட மோசமாக இருக்கும். கக்கத்தில் கைகொடுத்து இழுத்தால் தோள்மூட்டு விலகலாம், கைக்குப் போகிற நரம்புக் கட்டு இழுபடலாம். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் மெல்லிய தோல் உரிந்து வரும். பக்கத்து வீட்டார் நல்ல மனதோடு வந்தவர்கள்தான், ஆனால் அந்தப் பிடி இனி வேண்டாம். அம்மாவுக்கு இப்போது கையை மேலே தூக்க நோகுதா என்றும் ஒருக்கால் பாருங்கோ.

வேண்டியது இரண்டு கதிரைகள். நாலு காலும் கனமான மரக் கதிரை, இருக்கை 45 செ.மீ. அளவில். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். ஒரு பக்கம் கை ஊன்றியவுடனே டைல்ஸில் சறுக்கும் அல்லது கவிழும். சில்லு வைத்த கதிரை அறவே கூடாது. சாப்பாட்டு மேசைக் கதிரை நல்லது. முழங்காலுக்குப் போட ஒரு மடித்த போர்வை. தரை ஈரமென்றால் முதலில் துடையுங்கோ. அம்மாவின் கால் வெறுங்காலாக இருக்கட்டும், சொக்ஸ் இருந்தால் கழற்றுங்கோ. சாரி, நீட்டுச் சட்டை, ஐயாமாருக்கு என்றால் சாரம், எதுவானாலும் முழங்காலுக்கு மேலே செருகிவிடுங்கோ. முழங்கால் துணியை மிதித்துக்கொண்டு எழும்பவே முடியாது. பலர் அவதிப்படுவது இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

இப்போது அம்மா மல்லாக்கக் கிடக்கிறா என்று வைப்போம். ஒரு முழங்காலை மடித்து, அதே பக்கக் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டு வந்து, எதிர்ப்பக்கம் உருளச் சொல்லுங்கோ. உங்கள் கை தோள்பட்டையிலும் இடுப்பிலும் பட்டும் படாமலும் இருக்கலாம், தள்ளத் தேவையில்லை. பக்கவாட்டில் வந்ததும் கொஞ்சம் ஓய்வு. பிறகு கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றி, மேல்பக்க உள்ளங்கையால் நிலத்தை அழுத்தி அரைவாசி எழும்பட்டும். அங்கிருந்து இரண்டு கை, இரண்டு முழங்கால் என்று தவழும் நிலைக்கு. போர்வையை அப்போதே முழங்காலின் கீழ் தள்ளிவிடுங்கோ.

கதிரையின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கோ, இன்னொருவர் இருந்தால் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கட்டும். அம்மா தவழ்ந்து வந்து இரண்டு கையையும் இருக்கையின் மேல் தட்டையாக வைப்பா. கதிரையின் முதுகுச் சட்டத்தைப் பிடிக்க விடாதேங்கோ, இழுத்தால் கதிரை அவவின் மேல் வரும். பிறகு பலமான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து நிலத்தில் முழுதாக ஊன்ற வேணும். உங்கள் அம்மாவுக்கு வலது முழங்கால் பழுது என்பதால் இடது பாதம்தான் முன்னால். "மூக்கைக் கதிரைக்கு மேல கொண்டுவாங்கோ" என்று சொல்லி உடம்பை முன்னுக்குச் சாய்க்க வையுங்கோ. முன்னுக்குச் சாயாமல் நேரே மேலே எழும்பப் பார்ப்பதால்தான் முக்கால்வாசிப் பேர் எழும்ப முடியாமல் பின்னுக்குச் சரிகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, கையாலும் இடது காலாலும் அழுத்த, இடுப்பு உயரும். அந்த நேரம் இரண்டாவது கதிரையைப் பின்னாலிருந்து முழங்காலின் பின்பக்கம் தொடும்வரை தள்ளுங்கோ. திரும்ப வேண்டியதில்லை, அப்படியே பின்னுக்கு இருந்தால் போதும். ஒரே ஆளாக நிற்பதால்தான் முதல் கதிரையைச் சுவரோடு வைக்கச் சொன்னது. உங்கள் இரண்டு கையும் இரண்டாவது கதிரைக்கு வேணும்.

ஒவ்வொரு நிலையிலும் மூச்சு வாங்க விடுங்கோ. மொத்தமாகப் பத்து நிமிடம் போனாலும் போகட்டும். இடையில் தலை சுற்றுது, நோகுது என்றால் பழைய நிலைக்கே இறக்கிவிட்டு 1990. இரண்டு தரம் முயன்றும் முடியாவிட்டால் மூன்றாம் தரம் வேண்டாம், களைத்துப்போன தசை கைவிட்டுவிடும்.

கொட்டாஞ்சேனை ராகவன்:

ஒரு தடித்த பெட்சீட்டை நெஞ்சைச் சுற்றிக் கக்கத்தின் கீழால் போட்டு இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்தால் சுகமாக எழுப்பலாமே? கையும் நோகாது.

தெஹிவளை பிசியோ:

நெஞ்சைச் சுற்றிப் போட்டால் பாரம் முழுவதும் விலா எலும்பிலும் கக்கத்திலும் விழும். எலும்பு தேய்ந்த அம்மாமாருக்கு விலா முறிய அது போதும். துணியும் மேலே சுருண்டு கழுத்துப் பக்கம் ஏறும். தூக்க அது வேண்டாம்.

பெட்சீட் வேறு ஒரு வேலைக்கு மிக நல்லது. பாத்ரூமிலோ கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவிலோ விழுந்தால் கதிரை வைக்கவே இடம் இருக்காது. முறிவு, கழுத்துநோ இல்லை என்று தெரிந்தபின், அம்மாவை ஒரு பக்கம் உருளவிட்டு பெட்சீட்டை நீளவாக்கில் பாதி சுருட்டி முதுகோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் உருளவிட்டு விரியுங்கோ. தலைப்பக்கத் துணியைத் தோளோடு ஒட்டச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நீங்கள் முழங்காலை மடித்துக் குந்திய நிலையில் பின்னுக்கு அரக்கினால், டைல்ஸ் தரையில் 70 கிலோவும் வழுகி வரும். இழுப்பது எப்போதும் உடம்பின் நீளவாக்கில். குறுக்கே இழுத்தால் முதுகு முறுகும். வாசலில் சின்னப் படி இருந்தால் ஒரு மடித்த மெத்தையைச் சரிவாகப் போட்டால் ஏறும், ஆனால் அதற்கு இரண்டு பேர் வேணும்.

வெள்ளவத்தை மகள்:

இருவருக்கும் நன்றி. அம்மாவால் வலது முழங்காலை நிலத்தில் ஊன்றவே முடியாது, போர்வை போட்டாலும் கத்துவா. தவழும் நிலை அவவுக்குச் சரிவராது. வேறு வழி உண்டா?

தெஹிவளை பிசியோ:

உண்டு. இருந்த நிலையிலேயே படிப்படியாக உயரம் ஏறுவது. கைகளில் கொஞ்சம் பலம் இருந்தால் போதும்.

அம்மாவை இருந்த நிலைக்குக் கொண்டுவாங்கோ. கை இரண்டையும் இடுப்புக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, இடது காலை மடித்து நிலத்தை உதைத்து, பின்னுக்கு அரக்கி அரக்கிப் போகச் சொல்லுங்கோ. தொடர்மாடிகளில் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே படிக்கட்டு இருக்கும், அதுதான் உங்களுக்கு நல்ல சாதனம். மேலே ஏறும் படியின் அடிக்கு முதுகு காட்டி வரட்டும். முதல் படியில் உள்ளங்கை, இடது காலால் உதைத்து இடுப்பை அந்தப் படிக்கு ஏற்று. அதே போல் இரண்டாவது, மூன்றாவது. படி ஒன்று 15 முதல் 18 செ.மீ. இருக்கும், ஆகவே மூன்றாம் படியில் இருக்கும்போது கதிரையில் இருக்கிற உயரம் வந்துவிடும். பாதம் இரண்டும் அடித்தரையில் ஊன்றியபின் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழும்பலாம். பழுதான முழங்கால் முழுதாக மடியத் தேவையில்லை, முன்னால் நீட்டியபடியே வரலாம். நீங்கள் பக்கத்தில், கீழ்ப்படிப் பக்கம் நிற்க வேணும்.

படிக்கட்டு தூரமென்றால் வீட்டுக்குள்ளேயே உயரம் உண்டாக்குங்கோ: 15 செ.மீ. உயரமான கனமான பலகைக் கட்டை, அடுத்தது 30 செ.மீ. ஸ்டூல், அடுத்தது கதிரை, எல்லாம் சுவரோடு ஒட்டி. அசையாத பொருளாக இருக்க வேணும். தலையணையை அடுக்கி ஏறச் சொல்லாதேங்கோ, அமுங்கிச் சரியும்.

இதை ஒரு நல்ல நாளில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, அம்மா தெம்பாக இருக்கும்போது மெத்தை போட்டு ஒத்திகை பாருங்கோ. உதவிக்கு வரும் அக்காவையும் பக்கத்தில் வையுங்கோ, பகலில் அவதானே இருக்கிறா. பயத்தில் இருக்கும்போது புதுசாக ஒன்றைக் கற்க முடியாது. எலும்பு மெலிவுக்கு மருந்து எடுப்பவர், அண்மையில் ஒபரேஷன் செய்தவர் என்றால் பிசியோ ஒருவரின் முன்னால் மட்டும் பழகுங்கோ.

மருந்தகத்திலிருந்து:

அம்மாவின் மருந்துப் பட்டியலில் இரண்டு விஷயம் உங்கள் முடிவையே மாற்றும்.

ஒன்று குளொப்பிடோகிரெல். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதோடு அஸ்பிரினும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். இரத்தம் உறையாமல் இருக்கவே இந்தக் குளிசைகள், ஆகவே தலையில் அடிபட்டால் மண்டையோட்டுக்குள் மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கலாம். வார்ஃபரின், ரிவரொக்சபான், அபிக்சபான் எடுப்பவர்களுக்கும் இதே கதை. இந்த மருந்துகளில் ஒன்றாவது எடுப்பவர் தலையில் அடிபட விழுந்தால், வீக்கம் இல்லை, நல்லாகக் கதைக்கிறா என்றாலும் அன்றைக்கே வைத்தியசாலை. சீடி ஸ்கேன் தேவையா என்று அவர்கள் சொல்லட்டும். வார்ஃபரின் என்றால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசி அளவை எழுதிக்கொண்டு போங்கள். பயத்தில் நீங்களாகவே குளொப்பிடோகிரெல்லை நிறுத்திவிடவும் கூடாது. ஸ்டென்ட் அடைத்தால் அது மாரடைப்பு.

மற்றது கிளிக்கிளசைட். இது சீனியை அளவுக்கு மீறியும் இறக்கும், மெட்ஃபோர்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. விடியற்காலையிலோ சாப்பாடு தவறிய நேரத்திலோ விழுந்தால், அல்லது வியர்த்து, குழம்பிக் கதைத்தால், உடனே விரல் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும், மூன்று நாலு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். முறிவு சந்தேகமென்றால் எதுவும் கொடுக்காதே என்று தாதி சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. கொடுத்ததை வைத்தியசாலையில் சொல்லிவிடுங்கள். சொக்லேட், பிஸ்கட் இதற்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்த்து, இன்னும் குறைவென்றால் அதே அளவு மறுபடி. மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். கிளிக்கிளசைட்டால் இறங்கிய சீனி ஏறிய பிறகு மீண்டும் பல மணி நேரம் கழித்து இறங்கலாம், ஆகவே ஏறிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் காட்டிவிடுங்கள்.

நோவுக்கு பனடோல் 500 மி.கி. இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. உடல் மெலிந்தவர், ஈரல் பழுதானவருக்கு இன்னும் குறைவு. டைக்குளோபினாக் வேண்டாம்: லோசார்ட்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும், குளொப்பிடோகிரெல்லோடு சேர்ந்து இரைப்பையில் இரத்தம் கசிய வைக்கும்.

எழுந்து கதிரையில் இருந்தபின் ஐந்து நிமிடம் விட்டு பிரஷர் பாருங்கள். பிறகு பிடித்துக்கொண்டு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் விழுகைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அந்த எண்களை எழுதி அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஐயாமாருக்குப் புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் பிராசோசின், டாம்சுலோசின், வயதானவர்களுக்கு நித்திரைக்கு என்று கொடுக்கும் டயசிபாம், தடிமனுக்குத் தாங்களே வாங்கிப் போடும் பிரிட்டோன் (Piriton) குளிசை எல்லாம் எழும்பும்போது தலை சுற்ற வைப்பவை அல்லது காலைத் தள்ளாட வைப்பவை.

கட்டட வேலை, பம்பலப்பிட்டி:

எழுப்புவதைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது, ஆளிடம் போய்ச் சேருவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தொடர்மாடி பாத்ரூம் கதவு பெரும்பாலும் உள்ளுக்குத் திறக்கும். உள்ளே ஒன்றரை மீட்டர் இடத்தில் ஆள் விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து தள்ளினால் கதவு விளிம்பு முகத்திலோ இடுப்பிலோ இடிக்கும். பிணைச்சலின் ஆணியும் உள்பக்கம் இருப்பதால் வெளியிலிருந்து கழற்றவும் முடியாது. அப்படி மாட்டிக்கொண்டால் தள்ளாமல் 1990க்கும், கொழும்பில் தீயணைப்புக்கு 110க்கும் அடியுங்கள்.

முன்கூட்டியே மாற்றுவது பெரிய வேலை இல்லை. பிவிசி கதவானால் நிலையில் உள்ள தடுப்புப் பட்டியைக் கழற்றி மறுபக்கம் வைத்து, பிணைச்சலை மாற்றி, வெளியே திறக்கிற மாதிரிச் செய்யலாம். நடைபாதை ஒடுக்கமென்றால் மடிக்கும் கதவு. எதுவானாலும் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றுங்கள். அதற்குப் பதில், வெளியிலிருந்து ஒரு காசைச் செருகித் திருப்பினால் திறக்கும் பூட்டுப் போடலாம்.

கைப்பிடிக் கம்பி போடுகிறவர்கள் விடும் பிழை ஆணியில். டைல்ஸும் பூச்சும் சேர்ந்து 3 செ.மீ. வரை போய்விடும், அதற்குப் பிறகுதான் கல். ஆகவே 6 செ.மீ.க்குக் குறையாத துருப்பிடிக்காத திருகாணி வேண்டும். டைல்ஸ் துளைக்கும்வரை டிரில்லின் சுத்தியல் வேலையை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும். உட்சுவர்கள் பல உள்ளீடற்ற சீமெந்துக் கல். அதில் பிளாஸ்டிக் பிளக் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது. மறுபக்கம் தகடு வைத்து நீட்டு போல்ட் போட்டு முறுக்குங்கள், அல்லது இரசாயனப் பசை ஊற்றும் முறையில் வையுங்கள். குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், தண்ணீர்க் குழாய் அந்தக் கோட்டில்தான் ஓடும். கம்பி 32 முதல் 38 மி.மீ. தடிப்பு, சுவரிலிருந்து 4 செ.மீ. இடைவெளி. உயரத்துக்கு, அம்மா நேரே நின்று கையைத் தொங்கப்போடும்போது மணிக்கட்டு வரும் இடம். கொமட்டுக்குப் பக்கத்தில் இருக்கையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. மேலே. போட்டு முடிந்ததும் வளர்ந்த ஆள் ஒருவர் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். துவாய் போடும் கம்பியும், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கம்பியும் ஆள் பாரம் தாங்காது; பிடி இருக்கிறது என்று நம்ப வைத்து விழுத்துபவை அவைதான்.

இன்னொன்று: பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் கோலிங் பெல் ஒன்று வாங்கி, பொத்தானைப் பாத்ரூமில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒட்டுங்கள். விழுந்து கிடப்பவரின் கை எட்டுகிற உயரம் அது. கட்டிலோரமும் ஒன்று.

வெள்ளவத்தை மகள்:

தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. கடைசியாக ஒன்று: 1990க்கு அடித்தால் என்னென்ன சொல்ல வேண்டும்? கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது? வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் நிலையென்றால் எதைக் கவனிப்பது?

விபத்துப் பிரிவுத் தாதி:

1990 இலவசம், தமிழிலேயே கதைக்கலாம். ஆளின் வயது, விழுந்த விதம், உணர்வோடு இருக்கிறாவா, மூச்சு, இரத்தப் போக்கு, இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பது, இவை முதலில். பிறகு இடம்: ஒழுங்கையின் பெயர், காலி வீதிக்குக் கடற்பக்கமா மற்றப் பக்கமா, மரைன் டிரைவ் வழியாக வந்தால் சுகமா, எத்தனையாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யுதா, அதில் ஸ்ட்ரெச்சர் கொள்ளுமா. கடைசிக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் லிஃப்டின் உட்பக்க நீளத்தை இன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மீட்டருக்குக் குறைவென்றால் ஆளைப் படுக்க வைத்தபடி இறக்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காவலாளியைக் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி, ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிற்க வையுங்கள். இடுப்பு முறிவு என்று சந்தேகம் இருக்கும் ஆளை ஓட்டோவில் மடக்கி ஏற்ற வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களை அநேகமாகக் களுபோவில போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போவார்கள்.

ஒரு பையில் எல்லாக் குளிசைகளையும் உறையோடு, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பொய்ப்பல் டப்பா போட்டு வாசல் அலுமாரியில் நிரந்தரமாக வையுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் இல்லாமல் வார்டில் கிடக்கும் வயதானவர் ஒரே இரவில் குழம்பிப்போவார், அதைப் புத்தி தடுமாற்றம் என்று எழுதிவிடுவார்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் முதல் 48 மணி நேரம் தனியாக விடாதீர்கள். தலையில் அடிபட்டு, வைத்தியசாலையில் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தட்டி எழுப்பிப் பெயரையும் இடத்தையும் கேளுங்கள். எழுப்பக் கஷ்டம், திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, ஒரு பக்கம் பலக்குறைவு, இதில் ஒன்று வந்தாலும் உடனே கொண்டு போங்கள். அதோடு முடிவதில்லை. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கி இருப்பதால் இரத்தம் சேர இடம் உண்டு, ஆகவே அறிகுறி இரண்டு மூன்று கிழமை கழித்தும் வரலாம். அந்தக் காலத்தில் புதிதாக நடை தள்ளாடினால், பெயர்கள் மாறினால், பகலிலும் நித்திரை தூங்கினால் பழைய விழுகையைச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள்.

தோல் உரிந்திருந்தால் உரிந்த தோலை வெட்டி எறியாதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஈரத் துணியின் நுனியால் அந்தத் தோலை மெதுவாகப் பழைய இடத்துக்கே தள்ளிப் பரப்பி, ஒட்டாத கோஸ் வைத்து பேண்டேஜால் சுற்றுங்கள். பிளாஸ்டரை நேரே தோலில் ஒட்டினால் கழற்றும்போது மிச்சத் தோலும் வரும். பஞ்சு ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் பூசினால் புண்ணைப் பார்க்கவே முடியாது. கோஸின் மேல், தோல் இன்னும் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து உரிந்த நுனிப் பக்கமாக ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள், மாற்றுகிறவர் அந்தத் திசையிலேயே கழற்றுவார்.